கிரஹாம் எண்ணுக்கு வால் தெரிகிறது, தலை தெரியவில்லை

கேள்வி: கிரஹாம் எண்ணை எழுத இந்தப் பிரபஞ்சமே போதாது என்கிறார்கள். அதே மூச்சில் அதன் கடைசி இலக்கம் 7 என்றும் சொல்கிறார்கள். எழுதவே முடியாத எண்ணின் கடைசி இலக்கத்தை யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்? எனக்கென்னவோ இது புருடா என்றுதான் படுகிறது.

ஜனவரி 9, இரவு

புருடா இல்லை. போய்ப் பார்க்கவும் வேண்டாம். 3-ஐப் பெருக்கிக்கொண்டே போங்கள்: 3, 9, 27, 81, 243, 729, 2187. கடைசி இலக்கத்தை மட்டும் கவனித்தால் 3, 9, 7, 1, மறுபடி 3, 9, 7. நாலுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அதனால் 3-இன் மேல் எவ்வளவு பெரிய அடுக்கு உட்கார்ந்திருந்தாலும் கவலையில்லை. அந்த அடுக்கை 4-ஆல் வகுத்தால் என்ன மீதி? அது தெரிந்தால் போதும்.

கிரஹாம் எண் 3-இன் ஓர் அடுக்கு. அந்த அடுக்கு மறுபடி 3-இன் அடுக்கு, அதுவும் ஒற்றைப்படை அடுக்கு. 3-ஐ ஒற்றைப்படைத் தடவை பெருக்கி 4-ஆல் வகுத்தால் எப்போதும் 3 மிஞ்சும் (3, 27, 243 மூன்றையும் வகுத்துப் பாருங்கள்). மீதி 3 என்றால் சுற்றில் மூன்றாவது இடம். அங்கே இருப்பது 7.

ஜனவரி 9, இன்னும் கொஞ்சம்

எண் என்னவென்று சொல்லாமலே வாலைப் பிடித்துவிட்டேன். நட் அம்புக்குறி 1976-இல் கொண்டுவந்த அம்புக்குறி முறைதான் இதற்கு வசதி. 3↑3 என்றால் சாதாரண 3^3 = 27. 3↑↑3 என்றால் 3^(3^3), அதாவது 3^27 = 7625597484987. இரட்டை அம்பு கட்டுவது அடுக்குமாடி: 3↑↑4 நாலு மாடி, 3↑↑5 ஐந்து மாடி.

நாலாவது மாடியிலேயே மூச்சு வாங்கும். 3↑↑4-இல் 3638334640025 இலக்கங்கள். விநாடிக்கு ஓர் இலக்கம் என்று தூங்காமல் எழுதினால் சுமார் 1,15,000 ஆண்டுகள்.

மூன்று அம்பு, 3↑↑↑3, என்பது 7625597484987 மாடிக் கட்டடம். நாலு அம்பு, 3↑↑↑↑3, அதுதான் முதல் படி. அந்த முதல் படி என்ன எண்ணோ, அத்தனை அம்புகளை இரண்டு 3-களுக்கு நடுவே போட்டால் இரண்டாம் படி. இப்படி 64 படி. அறுபத்து நாலாவதுதான் கிரஹாம் எண். இனி சுருக்கமாக கி.

ஜனவரி 10

மேலே முதல் வரியைத் திருத்த வேண்டும். "நட் அம்புக்குறி கொண்டுவந்த அம்புக்குறி" என்று தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறேன். கொண்டுவந்தவர் டொனால்ட் நட். அம்பு தானாக வரவில்லை.

ஜனவரி 10, மாலை

"சரி, கடைசி இரண்டு? கடைசி மூன்று?" என்று கேட்கிறார் அதே நண்பர். புருடா என்றவர் இப்போது வட்டி கேட்கிறார்.

கடைசி இரண்டு இலக்கங்கள் 20-க்கு ஒருமுறை சுற்றுகின்றன (3^20 = 3486784401, முடிவில் 01 வருவதைப் பாருங்கள்). மாடிக் கட்டடத்தின் அடுக்கை 20-ஆல் வகுத்தால் மீதி 7. 3^7 = 2187. ஆக 87.

மூன்று இலக்கத்துக்கு: 3^27-ஏ 7625597484987 என்று முடிகிறதே, அதனால் 987.

ஜனவரி 10, அரை மணி கழித்து

அந்தக் கடைசி வரி தப்பு, சுத்தத் தப்பு. மூன்று மாடிக் கட்டடத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அது கி-யின் வால் என்று சொல்லிவிட்டேன். யாரும் சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே அழித்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் இந்தத் தப்பில் ஒரு விஷயம் இருக்கிறது, கிடக்கட்டும்.

மூன்று இலக்கங்கள் 100-க்கு ஒருமுறை சுற்றும். அடுக்கும் இதே மாதிரி மாடிக் கட்டடம்தான், அது 87-இல் முடிகிறது என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே 3^87-இன் கடைசி மூன்று இலக்கம் வேண்டும். பழைய ரசீது ஒன்றின் பின்பக்கம் போட்டேன்:

3^10 = 59049, எடுத்துக்கொள்வது 049
3^20: 49 × 49 = 2401, எடுப்பது 401
3^40: 401 × 401 = 160801, எடுப்பது 801
3^80: 801 × 801 = 641601, எடுப்பது 601
3^7 = 2187, எடுப்பது 187
3^87: 601 × 187 = 112387

ஆக 387. 987 இல்லை.

விஷயம் என்னவென்றால், இரண்டாவது மாடி 27: அதில் கடைசி ஓர் இலக்கம் (7) உறுதி. மூன்றாவது மாடி ...987: அதில் கடைசி இரண்டு (87) உறுதி, அந்த 9 இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. நாலாவது மாடி ...9387: மூன்று உறுதி, 9 ஆடுகிறது. ஐந்தாவது மாடியில் 5387 நிலைக்கிறது. மாடிக்கு ஓர் இலக்கம் சிமென்ட் காய்கிறது. நான் காயாத இடத்தில் கால் வைத்துவிட்டேன்.

ஜனவரி 12

பைதான் என்ற கணினி மொழியில் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால்: தயவுசெய்து `3**7625597484987` (அதாவது 3↑↑4) என்று எழுதி எண்டர் தட்டாதீர்கள். நேற்று ராத்திரி நான் தட்டினேன். மடிக்கணினியின் விசிறி சத்தம் போட ஆரம்பித்தது, சுட்டி நின்றுவிட்டது, கடைசியில் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதாயிற்று. அந்த எண்ணை நினைவகத்தில் வைக்க மட்டுமே ஒன்றரை டெராபைட் வேண்டும் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலில் போட்டிருக்கலாம்.

சரியான வழி, பெருக்கும்போதே வாலைத் தவிர மற்றதை வெட்டிக்கொண்டே போவது. பைதானின் அடுக்குச் செயலிக்கு மூன்றாவதாக ஓர் எண் கொடுத்தால் அதுவே வெட்டிவிடும். 3-இல் தொடங்கி, வந்த விடையை மறுபடி அடுக்காகக் கொடுத்து, விடை மாறாமல் நிற்கும் வரை சுற்றினால் போதும். பத்து இலக்கங்களுக்குக் கிடைத்தது:

...2464195387

கண் சிமிட்டுவதற்குள் வந்துவிட்டது. ஐந்நூறு இலக்கம் கேட்டாலும் அப்படித்தான்.

ஜனவரி 12, பின்குறிப்பு

படுத்த பிறகு ஒரு சந்தேகம். வெட்டிய எண்ணை அடுக்காகக் கொடுக்கிறோமே, அது செல்லுமா? பத்து இலக்கத்துக்கு வெட்டினால் அடுக்கின் கடைசிப் பத்து இலக்கம்தான் கையில் இருக்கும். சுழற்சியின் நீளம் 10^10-ஐ மீதியின்றி வகுத்தால்தான் இந்த வேலை நியாயம்.

சுழற்சி நீளங்கள்: ஓர் இலக்கத்துக்கு 4, இரண்டுக்கு 20, மூன்றுக்கு 100, நாலுக்கு 500, ஐந்துக்கு 5000, ஆறுக்கு 50000. இரண்டிலிருந்து எல்லாம் சரியாக வகுக்கின்றன. முதலாவது மட்டும் உதைக்கிறது: 4, பத்தை வகுக்காது. அதாவது ஓர் இலக்கத்துக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி நியாயமே இல்லை, ஆனாலும் சரியான விடை 7 வருகிறது. ஏனென்றால் 7-ஐ 4-ஆல் வகுத்தாலும் மீதி 3. குருட்டு அதிர்ஷ்டம்.

பள்ளியில் 7^100-இன் கடைசி இலக்கம் என்ன என்றொரு கணக்கு வரும். ஆசிரியர் கேட்ட உடனே கை தூக்கி 1 என்று சொல்லிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். எப்படி வந்தது என்று கேட்டபோது "100-இல் கடைசி இலக்கம் 0, 7^0 = 1" என்றேன். அதற்குப் பிறகு பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதே தப்பு, முப்பது வருஷம் கழித்து, கணினி வழியாக.

ஜனவரி 15

இரண்டு நாளாக மனதில் உறுத்துவது: இந்த வாலில் கிரஹாம் எங்கே இருக்கிறார்?

யோசித்துப் பாருங்கள். அறுபத்து நாலு படி, எண்ண முடியாத அம்புகள், எதையும் நான் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியது இரண்டே தகவல்: இது 3-களால் ஆன மாடிக் கட்டடம், மாடிகள் ஏராளம். ஆயிரம் மாடி இருந்தாலும் கடைசி ஐந்நூறு இலக்கம் இதேதான். கி-யையும் 3↑↑1000-ஐயும் கடைசி ஐந்நூறு இலக்கத்தைக் காட்டிப் பிரித்தறி என்றால் யாராலும் முடியாது. "கிரஹாம் எண்ணின் கடைசி இலக்கங்கள்" என்று எல்லோரும் சொல்வது (நானும்தான்) உண்மையில் உயரமான எல்லா மூன்றுமாடிகளுக்கும் பொதுச்சொத்து.

இன்னொரு விதமாகப் பார்த்தால் அழகாகவும் இருக்கிறது. ...2464195387 என்பதை அடுக்காக 3-இன் தலையில் வைத்தால், விடையும் ...2464195387 என்றே முடியும். தன்னையே பெற்றெடுக்கும் வால்.

ஜனவரி 15, இரவு

"மூன்றுமாடி" என்று எழுதியதை மூன்று மாடி என்று படிக்காதீர்கள். 3-களால் ஆன மாடி. இடைவெளி ஒன்று எவ்வளவு வேலை பார்க்கிறது!

ஜனவரி 19

தலை பற்றிக் கேட்டார்கள். முதல் இலக்கம் என்ன?

யாருக்கும் தெரியாது. ஏன் என்பதுதான் சுவாரசியம். வாலுக்குச் சுழற்சி உண்டு, தலைக்கு இல்லை. முதல் இலக்கம் வேண்டுமென்றால் அடுக்கை 3-இன் மடக்கையால் (10-இன் மேல் எந்த அடுக்கு வைத்தால் 3 வருமோ அது: 0.4771212547...) பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும். அதற்கு அடுக்கு முழுதாகக் கையில் வேண்டும், மடக்கையும் அந்த அடுக்கில் எத்தனை இலக்கமோ அத்தனை இலக்கத்துக்கு மேல் துல்லியமாக வேண்டும்.

3↑↑4-க்கு அடுக்கு பதின்மூன்றே இலக்கம். சுலபம். அந்த எண் 1258 என்று தொடங்குகிறது.

3↑↑5-க்கு அடுக்கில் மூன்றரை டிரில்லியனுக்கு மேல் இலக்கங்கள். பை-யை 2022-லேயே நூறு டிரில்லியன் இலக்கம் வரை கணக்கிட்டுவிட்டார்கள் என்பதால் இது நடக்காத காரியம் இல்லை, பெரிய இயந்திரமும் பிடிவாதமும் இருந்தால் போதும்.

3↑↑6? அடுக்கையே எங்கும் எழுதி வைக்க இடமில்லை. கதவு அங்கேயே சாத்தப்படுகிறது. கி வரைக்கும் போகவே வேண்டாம், ஆறாவது மாடியிலேயே தலை மேகத்துக்குள் போய்விடுகிறது.

பந்தயம் கட்டச் சொன்னால் 1 என்று கட்டுவேன். இப்படி வளரும் எண்களில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது சுமார் 30 சதவீதம், 9 ஆக இருப்பது 5 சதவீதத்துக்கும் கீழ். ஆனால் பந்தயத்தைத் தீர்த்துவைக்க ஆள் கிடையாது.

ஜனவரி 20

ஒருவர் ஒரே வரியில் என்னை மடக்கினார்: "முதல் இலக்கம் 1. மூன்றை அடிமானமாக வைத்து எழுதுங்கள்."

ஒத்துக்கொள்கிறேன். (பத்துப் பத்தாக எண்ணி எழுதுவதற்குப் பதில் மூன்று மூன்றாக எண்ணி எழுதுவதுதான் மூன்றடிமானம்.) மூன்றடிமானத்தில் கி என்பது 1, அதன் பின்னால் வெறும் பூஜ்ஜியங்கள். முழு எண்ணும் தெரிந்துவிட்டது! நேற்று "யாருக்கும் தெரியாது" என்று நான் அடித்துச் சொன்னது பத்தடிமானத்தின் பிரச்சினை, எண்ணின் பிரச்சினை அல்ல.

27-ஐ அடிமானமாக வைத்தாலும் 1-இல்தான் தொடங்கும், அடுக்கு 3-ஆல் வகுபடுவதால். 9-ஐ அடிமானமாக வைத்தால் 3-இல் தொடங்கும், அடுக்கு ஒற்றைப்படை என்பதால். பத்து மட்டும்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறது என்று எழுதப்போனேன். 5, 6, 7 எல்லாமே அப்படித்தான். 2-ஐ அடிமானமாக வைத்தால் 1 என்று சொல்லலாம், ஆனால் அதில் எல்லா எண்ணும் 1-இல்தான் தொடங்கும், அது பெருமையில் சேராது.

ஜனவரி 23

எதற்காக இந்த எண் பிறந்தது என்று இதுவரை சொல்லவே இல்லை. சுருக்கமாக.

கனசதுரத்துக்கு 8 முனை. அதை நாலு, ஐந்து என்று பரிமாணம் கூட்டிக்கொண்டே போகலாம். எல்லா முனைகளையும் ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்போ நீலமோ தீட்டுங்கள். ஒரே தளத்தில் இருக்கும் நாலு முனைகள், அவற்றுக்கிடையேயான ஆறு கோடுகளும் ஒரே நிறம், இப்படி ஒன்று வந்துவிடாமல் தப்பிக்க முடியுமா? பரிமாணம் போதுமான அளவு கூடினால் தப்பிக்கவே முடியாது என்று ரொனால்ட் கிரஹாமும் ரோத்ஸ்சைல்டும் 1971-இல் நிறுவினார்கள். எந்தப் பரிமாணத்திலிருந்து என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு மேல் எல்லையாக மார்ட்டின் கார்ட்னர் 1977-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்தியில் எழுதியதுதான் கி. 1980-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

கீழ் எல்லை? முதலில் 6. 2003-இல் எக்ஸூ அதை 11 ஆக்கினார், 2008-இல் பார்க்ளி 13 ஆக்கினார். உண்மையான விடை 13-க்கும் கி-க்கும் நடுவே எங்கோ. "பதிமூன்று முதல் கிரஹாம் எண் வரை" என்று ஒருவர் விலை சொன்னால் எப்படி இருக்கும்! விடை 13-ஆகவே இருந்தாலும் யாருக்கும் வியப்பு வராது.

ஜனவரி 23, திருத்தம்

மேல் எல்லை இப்போது கி இல்லை. 1971 கட்டுரையில் இருந்ததே கி-யைவிடச் சிறியது. கார்ட்னர் வாசகர்களுக்கு விளக்க எளிதாக இருக்கும் வடிவம்தான் கி. 2014-இல் அந்த எல்லை இன்னும் வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது. அதாவது கணக்குக்கு இந்த எண் இனித் தேவையில்லை. ஓய்வுபெற்ற எண். கிரஹாம் 2020 ஜூலையில் இறந்துபோனார். பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் வித்தையில் கைதேர்ந்தவர் என்பது கணிதம் தெரியாதவர்களுக்கும் தெரியும்.

பிப்ரவரி 2

வேலைக்கு நடுவில் கை சும்மா இருக்கவில்லை. கி-யைப் பற்றிச் சர்வ நிச்சயமாகச் சொல்லக்கூடியவை எத்தனை என்று பார்த்தேன்.

கி ஒரு முழுக் கனம். முழு வர்க்கம் அல்ல. அதை வகுக்கும் ஒரே பகா எண் 3. இலக்கங்களைக் கூட்டி, வந்ததை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கம் வரும் வரை போனால் 9. (கூட்டி முடிக்க வாழ்த்துகள்.) அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை என்பதும் தெரியும்: அடுக்கைவிட ஒன்று அதிகம். அந்த எண்ணிக்கை ...2464195388 என்று முடியும். கி + 1-உம் இதே மாதிரிதான் முடியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு மாலை வீணானது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் சுவாரசியம். கி − 1-ஐ 26 வகுக்கும். கி + 1-ஐ 28 வகுக்கும். இதில் 27 ஒளிந்திருப்பது தெரிகிறதா? 3 + 1 = 4, 27-உடன் 1 சேர்ந்தால் 28, 7625597484987-உடன் 1 சேர்ந்தால் 7625597484988 = 28 × 272342767321. ஒவ்வொரு மாடியுடனும் 1 கூட்டினால் அது அடுத்த மாடியுடன் 1 கூட்டியதை வகுக்கும், கி + 1 வரைக்கும். ஆகவே 3↑↑4 + 1 என்ற, 1,15,000 வருஷம் எழுத வேண்டிய அந்த எண்ணும் கி + 1-ஐ மீதியின்றி வகுக்கும். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சிலிர்க்கிறது.

பிப்ரவரி 6

பக்கத்தில் பகா எண் உண்டா என்று கேட்காதவர்கள் இல்லை. கி ஒற்றைப்படை, ஆகவே கி ± 1 இரட்டைப்படை, போச்சு. கி − 2 என்பது ...385 என்று முடிகிறது, 5 வகுக்கும், போச்சு. கி + 2 கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது, ...389. ஆனால் 11-க்குச் சுழற்சி 5; அடுக்கு 7-இல் முடிவதால் 5-ஆல் வகுத்தால் மீதி 2; 3^2 = 9; 9 + 2 = 11. போச்சு. ± 3 பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கி − 4, கி + 4 இரண்டும் ...383, ...391. இவற்றை 100-க்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் கையாலேயே சலித்தேன். மூன்று மாலை பிடித்தது. இருபத்தைந்து பகா எண்களில் ஒன்றுகூட இரண்டில் எதையும் வகுக்கவில்லை. நூறு வரை வகுபடவில்லை என்றால் பகா எண் என்று அர்த்தமாகாது, தெரியும். இந்த அளவுள்ள எண்ணில் பகா எண் தட்டுப்படும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்ஜியம், அதுவும் தெரியும். ஆனாலும் இரண்டும் ஜோடியாகத் தப்பித்து நிற்பதைப் பார்த்தால் பாசம் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 7

101: கி-யின் மீதி 8. தப்பித்தன.
103: மீதி 24. தப்பித்தன.

பிப்ரவரி 7, இரவு

107. இதற்குச் சுழற்சி 53. ஆகவே அடுக்கை 53-ஆல் வகுத்தால் என்ன மீதி என்று பார்க்க வேண்டும். அடுக்கும் 3-மாடிதான், எனவே அங்கே ஒரு மாடி இறங்கி மறுபடி இதே வேலை: 53-க்குச் சுழற்சி 52, அதில் மீதி 27, 3^26 என்பது 53-க்கு −1, ஆகவே 3^27 என்பது −3, அதாவது 50.

இப்போது 3^50-ஐ 107-ஆல் வகுத்தால் என்ன மிஞ்சும்? 3^53-க்கு மீதி 1. 3^53 என்பது 3^50 × 27. எதை 27-ஆல் பெருக்கினால் மீதி 1 வரும்? 4 × 27 = 108.

மீதி 4. கி − 4-ஐ 107 வகுக்கிறது.

இரண்டு தடவை சரிபார்த்தேன். கி + 4 இன்னும் நிற்கிறது, 107-க்கு மீதி 8. நாளைக்கு 109.